பேய்க்கு எறிந்த கடலை

1

கடலை வறுபடுகிற மணம் வந்தது. அதன் பின்னாலேயே கருகுகிற மணமும் வந்தது.

கட்டிலில் கிடந்தபடியே எனக்குக் கோயில் வீதி தெரிந்தது. திருவிழாப் பின்னேரம், இரும்புச் சட்டியில் கொதிக்கிற மணல், மணலுக்குள் கச்சான் என்கிற நிலக்கடலை, சட்டியின் விளிம்பில் அகப்பை தட்டுகிற சத்தம். கடதாசிச் சுருளின் அடியில் எப்போதும் ஒரு சொத்தைக் கச்சான் கிடக்கும். அதன் கசப்பு நாக்கில் இருக்கும்போதே தேர் வடத்தைத் தொட ஓடுவோம். கண்ணைத் திறந்தால் மெல்பேர்ன். கிளேட்டன் வீட்டு ஜன்னல் சீலைக்கு அப்பால் தை மாத வெயில், விடிந்து கொஞ்ச நேரத்திலேயே வேலிப் பலகைகளைச் சுடப் பண்ணிக்கொண்டிருந்தது. பிறகு புகை அலாரம் கத்தத் தொடங்கியது.

குசினிக்குள் என் மனைவி வசந்தி கதிரைமேல் ஏறி நின்று துவாயால் அலாரத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். எங்கள் மகள் மதுரா அடுப்புக்கு முன்னால் தாச்சியைப் பார்த்தபடி நின்றாள். தாச்சிக்குள் சோயா அவரை. வெளியே கரி, உள்ளே ஈரம்.

“அம்மா, யூ சோக்ட் தெம். ஓவர்நைட். ஹூ டஸ் தட்?”

“ஆர் செய்யமாட்டினம்? குசினியிலை ஒரு பைக்கற் கடலை கிடந்தா ஊறப்போடத்தானே வேணும்.”

“இட்ஸ் நொட் கடலை. சோயா.”

“சோயாவோ கீயாவோ, உருண்டையா மஞ்சளா இருந்தாக் கடலைதான்.” வசந்தி கதிரையால் இறங்கினாள். “நீ சொல்லியிருக்கலாமெல்லே, இது சாப்பிடுறதுக்கில்லை, பேய்க்கு எறியிறதுக்கு எண்டு.”

பேய்க்கு எறிவதற்கென்று யாராவது கடலை வாங்குவார்களா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் வாங்குவார்கள். அன்றைக்குச் செற்சுபுன்.

2

ஜப்பானியர்களின் பழைய கணக்கில் அடுத்த நாள் வசந்தம் பிறக்கிறது. செற்சுபுன் அதற்கு முந்திய நாள். பருவத்தைப் பருவத்திலிருந்து பிரிக்கிற கோடு. அந்தக் கோட்டில் உலகத்தின் கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருக்குமாம், கெட்டவை இடுக்கு வழியே உள்ளே வரப் பார்க்குமாம். ஆகவே அன்று பொழுதுபடுகிற நேரம் தலைவாசலில் நின்று, வறுத்த சோயா அவரையை வெளியே எறிந்து, “ஓனி வா சோத்தோ” என்பார்கள். பேய் வெளியே. பிறகு வீட்டுக்குள் எறிந்து, “ஃபுகு வா உச்சி” என்பார்கள். நல்லது உள்ளே. கடைசியில் வயதுக்குத் தக்க எண்ணிக்கையில் அவரையை எண்ணிச் சாப்பிட வேண்டும். (வசந்தி முப்பதோடு நிறுத்திவிடுவாள். எத்தனையோ வருடமாக.)

ஓனி என்பது நாங்கள் பயந்த வெள்ளைச் சேலைப் பேய் இல்லை. சிவந்த தோல், கொம்பு, அரையில் புலித்தோல், கையில் முள் வைத்த இரும்புத் தண்டு. நம்முடைய சூரன்போர்ச் சூரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கள் வீட்டுக்குள் வந்த வழியில் எந்த மர்மமும் இல்லை. மதுரா படித்த ஆரம்பப் பள்ளியில் ஜப்பானிய மொழி படிப்பித்தார்கள். கிழமை நாளில் ஜப்பானியம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பில் அவள் ஜப்பானிய மொழியில் நூறு வரைக்கும் தடங்காமல் எண்ணினாள். தமிழில் இருபத்தொன்பதுக்கு அடுத்தது இருபத்திப் பத்து என்றாள். நான் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வசந்தி மட்டும் சொன்னாள், “கணக்குப்படி பாத்தா அவள் சொல்லுறதும் சரிதானே.”

அந்த வருடம்தான் கடதாசித் தட்டில் சிவப்புச் சாயம் பூசி, முட்டைப் பெட்டியை வெட்டிக் கொம்பு ஒட்டி, ஒரு முகமூடியோடு வீட்டுக்கு வந்தாள். ரீச்சர் சொல்லிவிட்டாராம், வீட்டில் அப்பாதான் பேய். நான் அப்போதுதான் பஸ் ஓட்டத் தொடங்கியிருந்தேன். இப்போதும் அதுதான் வேலை, கிளேட்டனுக்கும் டண்டினோங்குக்கும் இடையில், நாள் முழுக்கக் கதவைத் திறந்து கதவை மூடுகிற வேலை. சீருடையைக் கழற்றாமலே முகமூடியைக் கட்டிக்கொண்டு உறுமினேன். அவள் வீரிட்டுச் சிரித்தாள். அவரை பட்டதும் நான் வாசலால் பாய்ந்தேன். கதவு அடிச்சுச் சாத்தப்பட்டது. நான் மெதுவாகத் தட்டினேன்.

“ஆரது?” உள்ளேயிருந்து சின்னக் குரல்.

“அப்பா.”

“பேயா, அப்பாவா?”

“பேய் போட்டுது. அப்பா மட்டும்தான்.”

“சரி, உள்ளுக்கு வாங்கோ.”

இதை ரீச்சர் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த ஜப்பானிய வீட்டிலும் இப்படிக் கேட்பதில்லை என்று பிறகு பக்கத்து வீட்டுச் சச்சிகோ சொன்னார். அது எங்கள் வாசலிலேயே பிறந்த சடங்கு. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகி, அப்பாவோடு விளையாடுவது கூச்சமாகிப் போகும்வரை ஒவ்வொரு வருடமும் நடந்தது. அதற்குப் பிறகு முகமூடி கராஜில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தது.

சச்சிகோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஒஸ்திரேலியரைக் கட்டி, நாற்பது வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது பூக்களைத் திட்டுவார். எங்களோடு பேசுவது ஆங்கிலம், ஆனால் எனக்கு ஏனோ அது எங்கள் பேச்சாகவே காதில் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். கியோத்தோவுக்கு வடக்கே ஒரு மலையிலிருந்து பேய் இறங்கி வந்து சனங்களைப் படுத்திய கதையை அவர்தான் சொன்னார். துறவி ஒருவருக்குக் கனவில் தெய்வம் வந்து, வறுத்த அவரையைப் பேயின் கண்ணுக்குக் குறிபார்த்து எறி என்றதாம். எறிந்தார்கள். பேய் கண்ணைப் பொத்திக்கொண்டு மலைக்குள் ஓடிப்போனது.

“வறுக்காட்டி என்ன?” என்று வசந்தி அப்போது கேட்டிருந்தாள்.

“வறுக்காத விதை முளைக்கும். எறிந்த விதை முளைத்தால், கலைத்து விரட்டிய கெடுதியும் திரும்ப முளைக்கும். அதனால் கட்டாயம் வறுக்க வேணும்.”

ஜப்பானில் அன்றைக்கு மத்தி மீனின் தலையைச் சுட்டு, முள்ளிலைக் கொப்பில் குத்தி வாசலில் வைப்பார்களாம். நாற்றத்துக்குப் பேய் வராதாம். “எங்கடை வீட்டிலை கிழமைக்கு நாலு நாள் மீன்குழம்பு,” என்றாள் வசந்தி. “பேய் இந்த றோட்டுக்கே வராது.”

எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. நாற்பது பாகை வெயிலில், வியர்வை வழிய, அவர் வருடா வருடம் பனிக்காலத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் போலத்தான். கார்த்திகை விளக்கீட்டுக்கு இங்கே சூரியன் மறைய எட்டு மணி தாண்டும். சுட்டி விளக்குகள் பகல் வெளிச்சத்துக்குள் எரிவதே தெரியாமல் எரியும். எரிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

3

மதுராவுக்கு இப்போது இருபத்துநாலு வயது. அந்த ஊறின கடலைக் காலையிலிருந்து மூன்றாம் நாள் அவள் ஜப்பானுக்குப் பயணம். கடலோரத்துச் சிறு நகரம் ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற வேலை. ஒரு வருட ஒப்பந்தம். விரும்பினால் நீட்டலாம்.

அந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எல்லோரும் அவளுக்குப் போட்டு வா, அதாவது போய்விட்டுத் திரும்பி வா, என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்க் கடைக்காரர் சொன்னார். சிட்னியில் கிரவீனிலிருந்து வசந்தியின் தங்கை தொலைபேசியில் சொல்லி அழுதாள். த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தபோது ஐயர் கூடச் சொன்னார். நான் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. “ஜக்கெற் வாங்கினியா,” “போன் சார்ஜருக்கு அங்கத்தைப் பின் எப்பிடி,” இப்படி அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவளுக்கும் தெரியும். சில நேரம் குசினி வாசலில் வந்து நின்று, நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்துவிட்டுப் போவாள். நான் கோப்பையில் ரீயை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

விசா எடுக்க அவளோடு தூதரக அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, சற்றுக் குனிந்து நீட்டினார். நான் மதுராவுக்குப் பின்னால் நின்று அந்தக் கைகளையே பார்த்தேன். எனக்கு ஒரு நாட்டைத் தருவதற்குள் எத்தனை கடிதம், எத்தனை நேர்முகம். தபால்பெட்டியில் வந்த பழுப்பு உறையைப் பிரிக்காமலே மேசையில் வைத்திருந்த வருடங்கள். ஒரு தடவை அலுவலர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொல்ல முன்னமே விளங்கியதுபோல “யெஸ்” என்றுவிட்டேன். கேள்வி, உனக்கு வேறு பெயர்கள் உண்டா என்பது. அதைத் திருத்த ஒரு பின்னேரம் போனது. மதுரா கேள்விகளுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள், சில கிழமைகளில் முடிந்துவிட்டது. எனக்குப் பொறாமை இல்லை. இப்படி ஒரு பாஸ்போர்ட் அவள் கையில் இருக்க வேண்டும் என்பதற்குத்தானே அவ்வளவும். ஆனால் திறக்கிற கதவுகளைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அவள் திறக்கிறாளே என்று கவலைப்படுகிற மனதை என்ன செய்வது.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது.

பத்தொன்பது வயதில் நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டேன். திரும்பிப் போனபோது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அறிவிக்காமல் போய் அக்காவை அதிர வைக்கலாம் என்று ஒரு நினைப்பு. கேற்றைத் தட்டினேன்.

“ஆரது?” உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

“நான்.”

“நான் எண்டா ஆர்?”

கேற் இடுக்கால் அவளுடைய ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண்ணில் நான் இல்லை. அப்பாவின் பெயரையும் சேர்த்து என் முழுப்பெயரையும் சொன்னேன், குடிவரவு அலுவலருக்குச் சொல்வதுபோல. பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன், அயலெல்லாம் கூடியது. எல்லாம் முடிந்து ரீ வந்தபோது, அது வீட்டாருக்குக் கொடுக்கிற தகரப் பேணியில் வரவில்லை. பூப்போட்ட கோப்பையும், அதன் அடியில் பீரிசும். விருந்தாளிக்கு எடுக்கிறது. அக்கா யோசித்து எடுக்கவில்லை. கை தானாக அலுமாரியின் அந்தத் தட்டுக்குப் போயிருக்கிறது.

போனவன் வருவான். ஆனால் வருகிறவன் போனவன்தானா என்பதுதான் கேள்வி. இதை மதுராவிடம் எப்படிச் சொல்வது?

4

பொழுதுபடுகிற நேரம் சச்சிகோ ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே தடித்த சோற்றுச் சுருள்கள், கடல்பாசியில் சுற்றியவை. அந்த வருடத்துக்குரிய நல்ல திசையைப் பார்த்து நின்று, முழுவதையும் வெட்டாமல், ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பேசினால் அதிர்ஷ்டம் வாயால் போய்விடும்.

இரண்டாவது கடியில் வசந்தி சொன்னாள், “கொஞ்சம் உறைப்புக் காணாது.”

மதுரா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சச்சிகோ மட்டும் சுவரைப் பார்த்தபடி, தியானத்தில் இருப்பவர் போலக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, திசை பார்த்த போனை அப்படியே திருப்பி எங்கள் சாமியறைப் பக்கம் பிடித்தார்.

“இது வடகிழக்கு.”

“ஓம், ஈசான மூலை,” என்றேன். “சாமி அங்கைதான் இருக்கவேணும்.”

“எங்களுக்கு வடகிழக்குத்தான் பேய் வரும் வாசல். உங்கள் கடவுள் பேயின் றோட்டில் இருக்கிறார்.”

“அதுக்குத்தானே பிள்ளையாரை அங்கை இருத்தியிருக்கிறம்,” என்றாள் வசந்தி, யோசிக்கவே இல்லாமல். “கேற்றிலை ஆரும் நிக்கவேணுமெல்லே.”

சச்சிகோ சற்று நேரம் பிள்ளையாரைப் பார்த்தார். “பெரிய ஆள்,” என்றார். “நல்லது.”

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மதுரா பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்தபோதுதான் வசந்திக்கு முகம் மாறியது.

“பயணம் போற பிள்ளை நிக்கிற வீட்டிலை, வீட்டு ஆம்பிளையைப் பாத்து வெளியாலை போ எண்டு கத்துறதோ? எனக்கு இது சரியாப் படேல்லை.”

“அம்மா, போறது பேய். அப்பா இல்லை.”

“கத்தேக்கை நிக்கிறது இவரெல்லே.”

“ஸோ வட் டு யூ ஸே இன் தமிழ்? கெட்டது வெளியாலை, நல்லது உள்ளுக்கு. இருக்கும்தானே?”

வசந்தி துவாயை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவைத் திறக்கிறவள் அவள். வீடு கூட்டினால் குப்பையை வாசல் பக்கம் தள்ளமாட்டாள், நல்லதும் சேர்ந்து போய்விடும் என்று.

“மூதேவி வெளியாலை, சீதேவி உள்ளுக்கை,” என்றாள் கடைசியில்.

மதுரா அதைச் சச்சிகோவுக்கு ஜப்பானிய மொழியில் சொன்னாள். இரண்டு பேரும் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டார்கள். என் மகளின் தலை ஆடுகிற விதம், குரல் மேலே போய் முடிகிற விதம், எல்லாம் வேறாக இருந்தது. எனக்குத் தெரியாத ஒருத்தி என் மகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றதுபோல. பிறகு திரும்பி, “அம்மா, அதே தானாம்,” என்றாள். மறுபடியும் மதுரா.

5

முகமூடியின் இலாஸ்ரிக் இற்றுப் போயிருந்தது. அவள் எனக்குப் பின்னால் நின்று தன் தலைமயிர் கட்டுகிற பட்டியால் அதை முடிந்தாள்.

“அப்பா, டூ யூ நோ, முதல்லை இந்த மாஸ்க் போட்டவர் பேயே இல்லை.”

“அப்ப?”

“பேயைக் கலைக்க வந்தவர். அந்தக் காலத்திலை ராசாவின்ரை பலஸிலை, வருஷக் கடைசியிலை. நாலு கண் வைச்ச மாஸ்க். ஹிஸ் ஜொப் வோஸ் டு புறொரெக்ற் எவ்றிவன். பட் அவரைப் பாக்கச் சரியான பயம். ஸோ கொஞ்சம் கொஞ்சமா ஆக்கள் அவர்தான் பேய் எண்டு நினைச்சு...”

“கலைச்சுப் போட்டினம்?”

“யா. அவரையே கலைச்சிட்டினம்.”

“பாவம்.”

“பாவம்தான்,” என்றாள். என் காதுக்குப் பின்னால் முடிச்சை இறுக்கினாள். “ஹி ஷுட் ஹவ் ரேக்கன் இற் ஓஃப் சம்ரைம்ஸ். இடைக்கிடை கழட்டியிருக்கலாம்.”

இரவு நேரப் பார்ட்டி கூடாது. ஒன்பது மணிக்கு எங்கே என்று மெசேஜ் வர வேண்டும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் தவறக் கூடாது. வெளியே நிற்கிறவற்றைக் கலைக்கத்தான் நான் அந்த முகத்தைப் போட்டேன். நாலு கண் போதாமல் ஐந்தாவது கண்ணும் வைத்திருந்தேன். உள்ளே இருந்த பிள்ளைக்கு, அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க, அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் கேட்டதில்லை. அவள் குற்றமாகவும் சொல்லவில்லை. ஒரு முடிச்சுப் போடும்போது சொல்கிற அளவில் சொன்னாள். எனக்கு முகமூடிக்குள் வியர்த்தது.

உறுமிக்கொண்டு வீட்டு நடையால் வந்தேன். தாச்சியில் ஒருவாறு வறுத்தெடுத்ததில் ஒரு கோப்பைதான் தேறியது. அது மூன்று கையெறியில் முடிந்தது. காய்ந்தால் பிறகு வறுக்கலாமென்று மதுரா மிச்ச ஊறலில் கொஞ்சத்தை வாசல் மேசையில் ஒரு தட்டில் பரப்பியிருந்தாள். மற்றதை, வீணாகப் போகுமே என்று, வசந்தி அவித்துக் கடுகும் செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்திருந்தாள். எறிய அவள் கைக்கு எட்டியது அந்தச் சட்டிதான்.

“மூதேவி வெளியாலை,” என்று அள்ளி எறிந்தாள். இருபத்தேழு வருடத்தில் அவள் இவ்வளவு மனம்விட்டு என்மேல் எதையும் எறிந்ததில்லை.

கறிவேப்பிலை தோளில் விழுந்தது. தேங்காய்ச் சொட்டு கொம்பில் பட்டுத் தெறித்தது. ஒரு செத்தல் மிளகாய்த் துண்டு முகமூடியின் துளையால் நேரே கண்ணுக்குள் போனது. பழைய கதையில் இருந்ததுபோலவே, பேய் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடியது. சச்சிகோவும் பின்னால் வந்து, மேசையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, அறுபத்தைந்து வயதை மறந்து “ஓனி வா சோத்தோ” என்று வீசினார். கதவு அடிச்சுச் சாத்தப்பட்டது.

வெளியே நான். எரிகிற கண். மேற்கே வானம் ஆரஞ்சுத் தோல்போலக் கிடந்தது. தண்ணீர்ப் பைப்புக்குக் கீழே முகத்தைக் கழுவினேன், அது வழக்கம்போல நிறுத்தின பிறகும் சொட்டியது. உள்ளே மூன்று பெண்கள் சிரிக்கிற சத்தம். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டபடி அங்கேயே நிற்கலாம் போலிருந்தது. ஒரு வீட்டின் சந்தோஷத்தை வெளியே நின்று கேட்பதும் ஒரு விதத்தில் உள்ளே இருப்பதுதான்.

தட்டினேன்.

“ஆரது?”

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் அவள் மறக்கவில்லை. நான் கதவின் இடுக்கைப் பார்த்தபடி நின்றேன். கேற் இடுக்கில் அக்காவின் கண் தெரிந்தது.

“ஆரது?” மறுபடியும். சிரிப்புக் குறைந்திருந்தது.

“அப்பா.”

“பேயா, அப்பாவா?”

“பேய் போட்டுது. அப்பா மட்டும்தான்.”

கதவு உடனே திறக்கவில்லை. பலகையோடு வாயை வைத்துப் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள், “அப்பா, நான் திரும்பி வரேக்கை என்னட்டையும் இப்பிடிக் கேப்பீங்களா?”

“கண் எரியுது, கதவைத் திற பிள்ளை,” என்றேன்.

திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மிளகாய்க்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

6

பயணக் காலையில் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சச்சிகோ விடைகொடுக்க வந்தார். வாசலடியில், பைப்புக்குக் கீழே, குந்தியிருந்து எதையோ பார்த்தார். எழும்பவில்லை.

நாங்களும் போய்ப் பார்த்தோம். ஈர மண்ணில் ஐந்தாறு அவரை. தோல் வெடித்து, வெள்ளை வால் விட்டு, மண்ணுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன.

“ஓ நோ,” என்றாள் மதுரா.

“இது வறுத்தது இல்லை,” என்றார் சச்சிகோ. குரல் கடுமையாக இருந்தது. “யார் இதை எறிந்தது?”

“நீங்கள்தான்,” என்றாள் வசந்தி. “மேசையிலை இருந்த தட்டாலை அள்ளினீங்கள். நான் பாத்தனான். அண்டைக்குச் சொல்லேல்லை, நீங்கள் நல்ல சந்தோஷமா எறிஞ்சுகொண்டு நிண்டீங்கள்.”

சச்சிகோ தன் கையைத் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. நாற்பது வருடமாக வறு, வறு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். முகம் சிவந்து, பிறகு மெல்லப் பிடுங்கப் போனார்.

“பிடுங்காதேங்கோ,” வசந்தி அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். இனி வருவதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது, அவளுக்கு அவசரத்தில் தமிழ்தான் வந்தது. “எங்கடை கலியாண வீட்டிலை நவதானியத்தை ஊறப்போட்டு, மண்ணிலை போட்டு, முளைக்கப் பண்ணி மணவறைக்குப் பக்கத்திலை வைக்கிறனாங்கள். முளைப்பாலிகை எண்டு சொல்லுறது. முளைச்சாத்தான் நல்லது. முளைக்காட்டித்தான் பயப்படவேணும்.”

சச்சிகோ கேட்டார். முளைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பெட்டியோடு நின்ற மதுராவைக் கடைசியாகப் பார்த்தார்.

“ஜப்பானில் என்றால் இது கூடாது,” என்றார். “ஜப்பானில் இன்றைக்கு வசந்தம். இங்கே கோடை முடியப் போகிறது. கிளேட்டனில் என்ன சட்டம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.” பிறகு பைப்பைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, முளைகளின் மேல் விட்டார். அவற்றை அவர் திட்டவில்லை.

“நீ வரேக்கை காய் காய்ச்சிருக்கும்,” என்றாள் வசந்தி மகளிடம். “ஊறப்போடாமல் வைச்சிருக்கிறன்.”

விமான நிலையத்துக்குப் போகிற வழி நெடுக மதுரா போனில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஓட்டினேன். வசந்தி பின் சீற்றிலிருந்து, பருப்புப் பொடியை எந்தப் பெட்டியில் வைத்தாள் என்று மூன்று தடவை சொன்னாள். கெடுதி என்று ஒருத்தர் வறுத்துவிடுகிற விதையை, நல்லது என்று இன்னொருத்தர் ஊறப்போடுகிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குக் காவல் இருக்கத்தான் பார்க்கிறார்கள். அக்கா கேற் இடுக்கால் ஆரது என்று கேட்டதைக்கூட நான் இவ்வளவு நாளும் தவறாக எண்ணியிருக்கலாம். அவள் என்னை வெளியே நிறுத்தக் கேட்கவில்லை. உள்ளே விடுவதற்காகக் கேட்டாள். கேட்காமல் எப்படித் திறப்பது? பூக்கோப்பை ஒரு நாள்தான் வந்தது. அடுத்த நாள் காலையில் ரீ பேணியில்தான் வந்தது. அதை ஏன் நான் யாருக்கும் சொல்வதில்லை?

பயணிகள் மட்டும் போகிற அந்தக் கதவு பால் நிறக் கண்ணாடி. ஆள் வந்தால் திறக்கும், போனதும் மூடும். அதை இயக்குகிறவர் என்று அங்கே யாரும் இல்லை. வசந்தி மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள். மதுரா என்னைக் கட்டிப் பிடித்தாள், நான் அவளுடைய முதுகுப்பையின் பட்டியைச் சரிசெய்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். குசினி வாசலில் நிற்கிற அதே நிற்பு. பிறகு தலையை ஆட்டிவிட்டு, திரும்பி நடந்தாள்.

கதவு அவளுக்காகத் திறந்தது.

“ஆரது?” என்று கேட்டேன். சற்று உரக்கத்தான். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

அவள் வாசல் கோட்டில் நின்றாள். கதவு மூடப் பார்த்து, அவள் நிற்பதை உணர்ந்து, மறுபடி விலகியது.

“மதுரா,” என்றாள். முகம் முழுக்க ஈரம், முகம் முழுக்கச் சிரிப்பு. “மதுரா மட்டும்தான்.”

“சரி,” என்றேன். “போட்டு வா.”